பிளாக்ஜாக் மேசையில் டீலர் தவறினால்

பிளாக்ஜாக்கில் டீலருக்குச் சொந்த முடிவு என்று எதுவும் கிடையாது. கூட்டுத்தொகை 16 வரை இருந்தால் அவர் சீட்டு எடுத்தே ஆக வேண்டும். 17 வந்துவிட்டால் நிறுத்தியே ஆக வேண்டும். ஏஸை 11 என்று எண்ணி வரும் 17க்கு மட்டும் சில கேசினோக்களில் இன்னொரு சீட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆட்டக்காரர் 18ஐக் கையில் வைத்துக்கொண்டு மேலும் ஒரு சீட்டு கேட்டால் அது மோசமான ஆட்டம், அவ்வளவுதான். அவருக்கு அந்த உரிமை உண்டு. டீலர் அதையே செய்தால் அது விதிமீறல். அதைத் திருத்தியாக வேண்டும். எப்படித் திருத்துவது, அதற்குள் வெளியே வந்துவிட்ட சீட்டை என்ன செய்வது, நட்டம் யார் தலையில் விழுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தவறுகளில் பெரும்பாலானவை கூட்டலிலும் பணம் கொடுப்பதிலும் நேர்பவை. ஒரு ஆட்டக்காரரின் முன்னால் 4, ஏஸ், 7, 2, 6 என்று ஐந்து சீட்டுகள் கிடக்கின்றன என்று கொள்வோம். முதல் இரண்டையும் பார்த்தால் 15. மூன்றாவது வந்ததும் வரம்பான 21ஐத் தாண்டி 22 ஆகிறது. எனவே ஏஸ் 11இலிருந்து 1ஆக இறங்கி, தொகை 12 ஆகிறது. பிறகு 14, கடைசியில் 20. டீலரிடமும் 20 இருந்தால் சமன். பந்தயச் சில்லுகளைத் தொடக்கூடாது. ஆனால் மணிக்கு எழுபது ஆட்டம் போகும் மேசையில், நள்ளிரவு தாண்டிய வேளையில், ஏஸின் இந்த ஏற்ற இறக்கத்தில் ஒன்றைத் தவறவிட்டு 19 என்று படித்துச் சில்லுகளை அள்ளிக்கொள்வது எளிது. முதல் இரண்டு சீட்டிலேயே 21, அதாவது பிளாக்ஜாக், விழுந்தவருக்கு 3க்கு 2 கணக்கில் கொடுக்கும்போதும் இப்படித்தான்: 15 டாலருக்கு 22.50 வர வேண்டும். அந்த அரை டாலர் விடுபடலாம், அல்லது வெறும் 15 மட்டுமே தரப்படலாம்.

இவை சில்லறை விஷயமாகத் தெரியலாம். கணக்கு வேறு சொல்கிறது. நல்ல விதிகள் உள்ள மேசையில், ஒவ்வொரு நிலையிலும் கணக்குப்படி சிறந்த முடிவைச் சொல்லும் அடிப்படை உத்தியைப் பிசகாமல் பின்பற்றுபவரிடமிருந்து கேசினோவுக்குக் கிடைக்கும் சாதகம் ஏறத்தாழ அரை விழுக்காடு. 15 டாலர் பந்தயத்துக்கு அது ஏழரை சென்ட். சமனாக வேண்டிய ஒரே ஒரு ஆட்டத்தைத் தோல்வியாக எடுத்துக்கொண்டால், ஆட்டக்காரர் இருநூறு ஆட்டங்களில் சராசரியாக இழக்கும் தொகை ஒரே நொடியில் போய்விடுகிறது. அதாவது, ஏறத்தாழ மூன்று மணி நேரக் கவனமான ஆட்டத்தில் சராசரியாக இழப்பதை ஒரே ஒரு கூட்டல் பிழை விழுங்கிவிடும்.

நடந்தது என்ன என்பதை நிறுவுவதில் கேசினோக்கள் கட்டியிருக்கும் முறை வியக்கத்தக்கது. சீட்டு வேண்டுமென்றால் வாயால் கேட்டால் போதாது, மேசையை விரலால் தட்ட வேண்டும். வேண்டாமென்றால் கையை அசைக்க வேண்டும். மேலே இருக்கும் கேமராவுக்குச் சொல் கேட்காது, கைதான் தெரியும் என்பதே காரணம். ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளை ஒரே ஒழுங்கில் பொறுக்கிக் கழிவுத்தட்டில் வைக்கிறார்கள். தகராறு வந்தால், மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அந்த ஆட்டத்தை அப்படியே மேசையில் திரும்பப் பரப்பிவிடலாம். தவறை உணர்ந்த டீலர் தானே சரிசெய்யக் கூடாது. கையை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். இந்த ஒழுங்கு முதலில் கேசினோவின் பணத்தைக் காக்கவே ஏற்பட்டது என்றாலும், ஆட்டக்காரரின் பணத்தையும் அதே அளவு காக்கிறது.

நடந்தது தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதில் இந்தத் தெளிவு குறைகிறது. நியூ ஜெர்சி மாநிலம் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. ஒருவர் 13ஐ வைத்துக்கொண்டு போதும் என்று கையசைத்த பிறகும் டீலர் அவருக்கு ஒரு 10ஐத் திறந்து வைத்துவிட்டார் என்று கொள்வோம். அந்தச் சீட்டு அவருடையதல்ல. சீட்டுப்பெட்டியிலிருந்து வரும் அடுத்த சீட்டாகவே கருதப்படும். அடுத்து இருப்பவரிடம் 11 இருந்தால் அவருக்கு அதிர்ஷ்டம். 12 இருந்தால் அவர் அதை மறுக்கலாம். ஆனால் மறுத்தவருக்கு அந்தச் சுற்றில் வேறு சீட்டு கிடையாது. யாருமே ஏற்காவிட்டால் அது டீலருக்குப் போகும். அவருக்கும் தேவையில்லை என்றால் கழிக்கப்படும். 17ஐ வைத்துக்கொண்டே டீலர் தவறுதலாக எடுத்த சீட்டும் கழிவுக்கே போகும். அது 4ஆக வந்து அவரை 21க்கு உயர்த்தியிருந்தாலும் சரி, 9ஆக வந்து 26க்குக் கவிழ்த்திருந்தாலும் சரி.

இந்த விதியின் வலிமை, அது சீட்டு திறக்கும் முன்பே எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. யாருக்குச் சாதகம் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இடமில்லை. வரப்போகும் சீட்டை முன்கூட்டியே பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வாய்ப்பு ஆட்டக்காரருக்குக் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தவறு கேசினோவின் பணியாளருடையது. அதன் விலையைக் கேசினோ கொடுப்பதே முறை. எழுதிய விதி இல்லாத இடங்களில் மேற்பார்வையாளர் அந்தந்த நேரத்து யோசனைப்படி சொல்கிறார். சீட்டைக் கழிக்கலாம், அவரிடமே விடலாம், வேண்டுமா என்று கேட்கலாம். ஒவ்வொன்றும் நியாயமானதே. ஆனால் திறந்த சீட்டின் மதிப்பைப் பார்த்த பிறகு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நியாயமல்ல.

சீட்டைக் கழித்தால் ‘வரிசை கெட்டுவிட்டது’ என்று ஆட்டக்காரர்கள் முறையிடுவது வழக்கம். யாரும் பார்க்காத சீட்டைக் கழித்தால் இந்த முறையீட்டுக்குப் பொருளே இல்லை. நன்றாகக் கலைத்த கட்டில் அடுத்த சீட்டும் அதற்கடுத்த சீட்டும் வாய்ப்பளவில் ஒன்றே. எல்லோரும் பார்த்துவிட்ட சீட்டைக் கழித்தால் நிலைமை வேறு. டீலர் 6ஐக் காட்டிக்கொண்டிருக்க, அடுத்து வரும் சீட்டு 10 என்று மேசைக்கே தெரிந்த பிறகு அதை அகற்றுவது, ஆட்டக்காரர்களிடமிருந்து உண்மையான ஒரு வாய்ப்பைப் பறிப்பதாகும்.

நெவாடாவில் தகராறுக்கு மேல்முறையீடு உண்டு. தொகை 500 டாலரோ அதற்கு மேலோ இருந்து, உடன்பாடு ஏற்படாவிட்டால், கேசினோவே உடனடியாக மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குறைந்த தொகையானால், வாரியத்திடம் விசாரணை கேட்கும் உரிமை உண்டு என்பதை ஆட்டக்காரருக்குச் சொன்னால் போதும். சிறு தொகைக்கு ஆடுபவர்களுக்கு இது உதவுவதில்லை. 15 டாலருக்காக யாரும் வாரியம் வரை போகமாட்டார்கள். நடைமுறையில் முறையீட்டுக்கான நேரம் என்பது டீலர் சீட்டுகளைப் பொறுக்குவதற்கு முன்னான சில நொடிகளே. அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டால் கழிவுத்தட்டின் சாட்சியமும் கலங்கிவிடும். கேமராப் பதிவை மட்டும் நம்ப வேண்டியிருக்கும்.

இங்கேதான் இந்த முறையின் பெருங்குறை. தவறுகள் இரு பக்கமும் சமமாக நேர்வதால் கடைசியில் கணக்கு சரியாகிவிடும் என்று சொல்லப்படுவதுண்டு. நேர்வது சமமாக இருக்கலாம். பிடிபடுவது சமமாக இல்லை. பழகிய ஆட்டக்காரர் தமக்குக் குறைந்ததை உடனே சுட்டிக்காட்டுவார். கூடுதலாக வந்ததைப் பெரும்பாலும் பேசாமல் எடுத்துக்கொள்வார். புதிதாக வந்தவருக்கோ ஐந்து சீட்டின் கூட்டலே தடுமாற்றம். டீலர் சொன்னதே சரி என்று நம்பிச் சில்லுகளை விட்டுவிடுகிறார். ஆக, கவனக்குறைவின் செலவைக் கேசினோவும் புதியவரும் பகிர்ந்துகொள்ள, லாபம் தேர்ந்தவரிடம் சேர்கிறது. கேசினோ தாங்கிக்கொள்ளும், புதியவருக்காகப் பேச மேசையில் யாரும் இல்லை.

கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்ற கேள்விக்கு ஆட்டக்காரர்கள் பலவிதமாகப் பதில் சொல்வார்கள். சிலர் டீலரின் வேலையை எண்ணித் திருப்பித் தருகிறார்கள். சுட்டிக்காட்டிய தவறும் அவர் பெயரில் பதிவாகலாம் என்பதால் வேறு சிலர் அதே காரணத்துக்காகவே பேசாமல் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது வாதம் கேசினோக்கள் யோசிக்க வேண்டியது. தானாக முன்வந்து ஒப்புக்கொள்ளும் டீலரையும் மறைப்பவரையும் ஒரே தராசில் நிறுத்தினால், மறைப்பதே வளரும்.

தவறைப் பயன்படுத்திக்கொள்வது எந்த எல்லையில் குற்றமாகிறது என்பதை நீதிமன்றங்களும் அலசியிருக்கின்றன. கவிழ்த்து வைக்க வேண்டிய சீட்டை டீலர் கவனமின்றிக் காட்டிவிட, தம் இருக்கையில் இருந்தபடியே அதைப் பார்த்து ஆடியவர்கள் மோசடி செய்யவில்லை என்ற நிலைப்பாடு 1980களில் நெவாடாவில் உறுதியானது; கருவிகளின் துணையோடு பார்ப்பது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் 2012இல் அட்லாண்டிக் சிட்டியின் கோல்டன் நகெட் கேசினோவில், பிளாக்ஜாக்கின் பக்கத்து ஆட்டமான மினி பாக்கரா மேசைக்குக் கலைக்காத சீட்டுக்கட்டு வந்து சேர்ந்தது. அதே வரிசை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொண்ட 14 பேர் தொடர்ந்து 41 ஆட்டங்களில் 15 லட்சம் டாலருக்கு மேல் வென்றார்கள். தவறு ஆட்டக்காரர்களுடையது அல்ல. ஆயினும் கலைக்காத சீட்டால் ஆடியது விதிப்படியான ஆட்டமே அல்ல என்று 2015இல் தீர்ப்பாகி, பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. விதிமீறல் ஆட்டத்தையே செல்லாததாக்கும் என்ற இந்தத் தர்க்கம், கலைக்காத சீட்டால் தோற்றவர்களுக்கும் அதே வேகத்தில் பொருந்துமா என்பது நியாயமான ஐயம். கட்டு கலைக்கப்படவில்லை என்று தோற்ற ஒருவர் மேசையில் அமர்ந்தபடி கண்டுபிடிப்பது ஏறத்தாழ இயலாத காரியம்.

சில தவறுகளை மேசையின் அமைப்பே தடுத்துவிடுகிறது. ஐரோப்பாவின் பல கேசினோக்களில் ஆட்டக்காரர்கள் அனைவரும் முடித்த பிறகே டீலர் தம் இரண்டாவது சீட்டை எடுப்பதால், கவிழ்ந்த சீட்டு வெளியே தெரியும் பேச்சே இல்லை. எந்தச் சீட்டு வெளியே வந்தது என்று தானே படித்துக்கொள்ளும் சீட்டுப்பெட்டிகள் பாக்கரா மேசைகளில் பழக்கத்துக்கு வந்துவிட்டன. பிளாக்ஜாக்கில் அவை கூட்டலைச் சரிபார்க்கலாம், ஆனால் 22.50 டாலரைச் சில்லுகளாக எண்ணி வைப்பது இன்னும் டீலரின் கைதான். அவர் அதைப் பந்தயத்தின் அருகே வைப்பதற்கும் ஆட்டக்காரர் எடுத்துக்கொள்வதற்கும் இடையே ஒரு கணம் இருக்கிறது. புதியவர் தம் சில்லுகளை எண்ணிப் பார்க்க அந்த ஒரு கணமே கிடைக்கிறது.