சிவப்பு மூக்கு வைத்தியர்கள்

1986இல் நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸின் மைக்கேல் கிறிஸ்டென்சன் மருத்துவமனைக் கோமாளிக் குழுவைத் தொடங்கினார். அவர்களுடைய பிரபல 'ஆபரேஷன்', சிவப்பு மூக்கு மாற்று சிகிச்சை. கத்தி இல்லை, தையல் இல்லை. குழந்தையின் மூக்கில் ஒரு பஞ்சுப் பந்து, அவ்வளவுதான்.

என்னைக் கவர்வது இவர்களின் அசட்டுத்தனம். வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் கதவில் முட்டிக்கொள்கிறார், ஸ்டெதஸ்கோப்பை முழங்காலில் வைத்துக் கேட்கிறார். உள்ளே வர அனுமதி கேட்கிறார். குழந்தை 'போ' என்றால் போய்விடுகிறார். "வாயைத் திற, கையை நீட்டு" என்று ஆளாளுக்கு அதட்டும் இடத்தில், குழந்தையின் சொல்லுக்குக் கட்டுப்படவும் ஒருவர்! வேடிக்கை காட்டுவதைவிட இந்தப் பணிவுதான் கஷ்டமான வித்தை என்பேன்.

கோமாளிகளால் பலன் உண்டா? இத்தாலியின் பிளாரன்ஸில் 40 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. மயக்க மருந்து கொடுக்கும் அறைக்குப் பெற்றோரோடு கோமாளிகளும் கூட வந்த குழந்தைகளுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. ஆனாலும் ஊழியர்களில் பெரும்பாலோர் இதைத் தொடர விரும்பவில்லை, வேலை கெடுகிறதாம். கெட்டிருக்கும்தான். சிரிக்கும் பிள்ளை மயக்க மருந்து முகமூடிக்கு அடியில் அசையாமல் கிடக்குமா என்ன?