மெய்ப்பாட்டியலும் உணர்ச்சி உளவியலும்: ஒப்பீட்டு முறை குறித்த ஒரு மறுஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நவீன உளவியலோடு ஒப்பிடும் ஆய்வுகள் தமிழில் தொடர்ந்து வெளிவருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை எட்டு மெய்ப்பாடுகளை மேலை உளவியலார் வகுத்த அடிப்படை உணர்ச்சிகளோடு பெயருக்குப் பெயர் பொருத்திக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. இம்முறை இருதுறைக்கும் நீதி செய்வதில்லை என்பதையும், மெய்ப்பாட்டியலின் உளவியல் வலிமை எட்டு என்னும் எண்ணிக்கையில் இல்லை என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் வகுக்கப்பட்ட நான்கு நிலைக்களன்களிலும், காண்போன் உணரும் நிலையை முதன்மைப்படுத்தும் நோக்கிலுமே அவ்வலிமை உள்ளது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நிலைக்களன், இளிவரல், பேராசிரியர் உரை, மதிப்பீட்டுக் கோட்பாடு, வெளிப்பாட்டு விதிகள்.

முன்னுரை

அன்றாட வாழ்வில் மனிதர் நகைப்பதும் அழுவதும் வெகுள்வதும் எதனால் என்னும் வினா, உளவியல் தனித்துறையாக உருவாகும் முன்பே இலக்கணிகளால் எழுப்பப்பட்டது. பொருளதிகாரத்தின் ஆறாவது இயலாக அமைந்த மெய்ப்பாட்டியல் அவ்வினாவிற்குத் தமிழ்மரபு அளித்த விடை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை ஆகிய எட்டனையும் வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நந்நான்கினைத் தொல்காப்பியர் சுட்டுகிறார். இவ்வியலுக்கு இளம்பூரணர், பேராசிரியர் ஆகிய இருவரின் பழைய உரைகள் கிடைக்கின்றன.

இவ்வியலை உளவியலோடு இணைத்துக் காணும் ஆர்வம் இயல்பானதே. ஆயினும் அவ்வார்வம் பலவிடத்தும் ஒரே முடிவை நோக்கியே செல்கிறது. மேலைநாட்டார் அண்மையில் கண்டதைத் தொல்காப்பியர் முன்பே கண்டார் என்பதே அம்முடிவு. இவ்வாறு கூறும்போது பழைய நூலின் பெருமைக்கு உளவியல் சான்றிதழ் வழங்கும் அதிகாரியாகிவிடுகிறது. நூல் உளவியலிலிருந்து வேறுபடும் இடங்கள், அதாவது அது புதிதாகக் கற்பிக்கக்கூடிய இடங்கள், கவனம் பெறாமல் போகின்றன.

பெயர்ப் பொருத்தத்தின் குறைபாடு

பால் எக்மன் முகக்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறினை மாந்தர் அனைவர்க்கும் பொதுவான உணர்ச்சிகளாக முன்வைத்தார். இவற்றை மெய்ப்பாடுகளோடு நிரல்படுத்தும் ஆய்வுகளில் உவகை, அழுகை, வெகுளி, அச்சம், மருட்கை ஆகிய ஐந்தும் ஓரளவு பொருந்துகின்றன. ஆறாவதாகிய அருவருப்போடு இளிவரல் இணைக்கப்படுகிறது. நகையும் பெருமிதமும் எஞ்சி நிற்கின்றன.

இந்நிரலில் இளிவரலை அருவருப்பெனக் கொள்ளுதல் மறுபரிசீலனைக்கு உரியது. வடமொழி நாட்டிய மரபில் இதற்கு இணையாகக் கூறப்படும் சுவைக்கு அருவருப்பு நிலைபேறான உணர்வாக இருப்பதால், அப்பொருளே இங்கும் ஏற்றப்பட்டிருத்தல் கூடும். ஆனால் தொல்காப்பியர் இளிவரலுக்குக் கூறும் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. அருவருப்பு பற்றி ஆராய்ந்த பால் ரோசினும் ஃபாலனும் 1987-இல் வெளியிட்ட கட்டுரையில் அவ்வுணர்ச்சியின் வேரை உணவு மறுப்பில் கண்டனர். வாய்வழி உட்புகக்கூடிய தூய்மையற்ற பொருளை விலக்கும் உந்துதலே அதன் மூலவடிவம் என்பது அவர்கள் கருத்து. தொல்காப்பியர் கூறும் நான்கனுள் எதுவும் விலக்கத்தக்க பொருளன்று. நான்கும் ஒருவர் தம் பழைய நிலையினின்றும் தாழ்ந்துபோகும் சூழல்கள்.

முதுமையால் பிறர் கையை எதிர்நோக்குபவரும், நோயால் தம் உடலின்மேல் ஆளுகை இழந்தவரும் அடையும் உணர்வு அருவருப்பு அன்று. எளிமைப்பட்டோம் என்னும் குறுகல். மென்மை என்பதற்கு நல்குரவு எனப் பொருள் கொள்ளும் உரைமரபு இக்கருத்தை உறுதிசெய்கிறது. வறுமை என்பது அழுகைக்கும் ஒரு நிலைக்களனாகக் கூறப்பட்டிருப்பதை இதனோடு இணைத்துக் காண்டல் வேண்டும். இல்லாமை ஒருபுறம் துன்பமாகவும் மறுபுறம் இழிவாகவும் உணரப்படுகிறது. பசித்தவன் அழுவதற்கும், பிறர்முன் கைநீட்ட நேர்ந்தவன் கூசுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இருவேறு மெய்ப்பாடுகளாகப் பிரித்தறிந்திருப்பது நுட்பமான உளவியல் நோக்கு. இளிவரலை அருவருப்பு என்று பெயர்த்த அளவில் இந்நுட்பம் மறைந்துவிடுகிறது. மேலும், பிறரால் இகழப்படுதலாகிய இளிவு அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாக அமைந்திருப்பதால், இழிவுணர்வு துயரமாக மாறும் வழியும் நூலுக்குள்ளேயே சுட்டப்பட்டுள்ளது. எட்டனையும் ஒன்றோடொன்று தொடர்பற்ற தனித்தனி உணர்ச்சிகளாகக் கொள்ளும் ஒப்பீட்டில் இத்தகைய உள்ளிணைப்புகளுக்கு இடமில்லை.

நிலைக்களனும் மதிப்பீட்டுக் கோட்பாடும்

ஒப்பீட்டாய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்பெறும் மற்றொரு கோட்பாடு வில்லியம் ஜேம்சுடையது. 1884-இல் வெளியான கட்டுரையில், உடல்மாற்றத்தை உணர்வதே உணர்ச்சி என்று அவர் வாதிட்டார். அதனை ஒட்டிய கருத்தை 1885-இல் கார்ல் லாங்கே வெளியிட்டார். மெய்ப்பாடு என்னும் சொல்லில் மெய் இருப்பது கொண்டு இவ்விரண்டும் ஒன்றே எனக் கூறுவோர் உளர். ஆனால் ஜேம்ஸ் உடலை உணர்ச்சியின் காரணமாக வைத்தார். மெய்ப்பாட்டியலோ உடலை உணர்ச்சியின் வெளிப்பாடாக வைக்கிறது. சுவைக்கப்படும் பொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல் என்னும் உரையாசிரியர் நிரலில் இது தெளிவாகும். புலியைக் காணும் ஒருவனுக்கு முதலில் அச்சம் தோன்றுகிறது. பின்னர் அது அவனது குறிப்பில் புலப்படுகிறது. இறுதியில் நடுக்கமும் வியர்வையும் ஆகிறது. ஜேம்சின் நிரல் இதற்கு நேர்மாறானது.

உடல்மாற்றம் மட்டுமே உணர்ச்சியைத் தீர்மானிப்பதாயின், ஒத்த உடல்மாற்றம் வெவ்வேறு உணர்ச்சிகளில் காணப்படுவது எவ்வாறு என்னும் தடையை வால்ட்டர் கேனன் 1927-இல் எழுப்பினார். கண்ணீர் துயரத்திலும் வரும், மகிழ்ச்சியிலும் வரும். ஷாக்டர், சிங்கர் ஆகியோர் 1962-இல் வெளியிட்ட ஆய்வு, உடற்கிளர்ச்சிக்குச் சூழல் தரும் விளக்கமே உணர்ச்சியின் பெயரை முடிவுசெய்கிறது என்னும் கருத்தை முன்வைத்தது. 1960-இல் மக்டா ஆர்னால்டு தொடங்கிவைத்து ரிச்சர்டு லாசரஸ் விரிவாக்கிய மதிப்பீட்டுக் கோட்பாடு, நிகழ்வைத் தன் நலத்தோடு பொருத்தி மதிப்பிடுவதே உணர்ச்சியின் தோற்றுவாய் என்கிறது.

மெய்ப்பாட்டியலை ஒப்பிடத் தகுந்த இடம் இதுவே. நிலைக்களன்கள் உடற்குறிகளின் பட்டியல் அல்ல. ஒரு நிகழ்வு எவ்வாறு பொருள்கொள்ளப்படும்போது எவ்வுணர்ச்சி பிறக்கும் என்பதன் வகைப்பாடு. வெகுளி இதற்குத் தக்க சான்று. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகிய நான்கும் பிறர் இழைக்கும் தீங்குகள். குடிகோள் என்பது தன்னைச் சார்ந்தோர்க்குக் கேடு சூழ்தல். கொலை என்பதனை உயிர்க்கொலையளவில் நிறுத்தாது, ஒருவரின் அறிவையும் புகழையும் அழித்துரைத்தல் எனப் பேராசிரியர் விரிக்கிறார். தனக்கும் தன்னைச் சார்ந்தோர்க்கும் இழைக்கப்பட்ட, மதிப்பைக் குறைக்கும் தீங்கே சினத்தின் மையப்பொருள் என 1991-இல் வெளியான நூலில் லாசரஸ் வரையறுத்தார். காலத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இருவர் சினத்தின் காரணத்தை ஒரே திசையில் தேடியிருப்பது பெயர்ப் பொருத்தத்தினும் பொருளுடையது.

அதேவேளை வேறுபாடும் தெளிவானது. பெருமிதத்தின் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. மதிப்புடைய ஒன்றைத் தனதாக்கித் தன்னை உயர்த்திக்கொள்ளுதல் என்றே லாசரஸ் பெருமையுணர்வை விளக்குவார். கொடையோ தன்னிடமுள்ளதை இழப்பது. இழப்பதனால் உயர்வுணர்வு பிறக்கும் என்பது தனிமனித நலனை அளவுகோலாகக் கொண்ட கோட்பாட்டில் எளிதில் அடங்காது. ஈதலைப் புகழின் வாயிலாகக் கருதிய சமூகத்தின் மதிப்பீடு இங்குச் செயற்படுகிறது. ஆகவே நிலைக்களன்கள் உள்ளத்தின் இயல்பை மட்டுமன்றி, அவ்வுள்ளம் வாழ்ந்த சமூகத்தின் மதிப்புகளையும் தாங்கியவை. அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு தம் இறையும் வைக்கப்பட்டிருப்பது இதனை மேலும் உறுதிசெய்யும். காக்க வேண்டிய அதிகாரமே அஞ்சத்தக்கதாகவும் இருந்த சமூக அமைப்பின் பதிவு அது.

தன்கண் தோன்றலும் பிறன்கண் தோன்றலும்

பேராசிரியர் உரையின் தனிச்சிறப்பு, மெய்ப்பாடு யாரிடம் தோன்றியது என்னும் வினாவை இடைவிடாது எழுப்புவது. எள்ளல் என்பதனைத் தான் பிறரை எள்ளி நகுதல், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் என இரண்டாகப் பகுக்கிறார். இகழப்பட்டவன் தானும் சேர்ந்து நகைப்பது அன்றாடம் காணக்கூடியது. ஆயினும் அது மகிழ்ச்சியின் நகை அன்று. அழுகையையும் இவ்வாறே தன் துயரால் வருந்துதல், பிறர் துயர் கண்டு வருந்துதல் எனப் பிரித்து, ஒன்றை அவலம் என்றும் மற்றொன்றைக் கருணை என்றும் கொண்டால் சுவை ஒன்பதாகலும் உண்டு என்கிறார்.

டேனியல் பேட்சனின் ஆய்வுகள் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. பிறர் துயரைக் காணும்போது எழும் உணர்வை அவர் இருவகையாக்கினார். ஒன்று துயருறுவோர்பால் செல்லும் பரிவு. மற்றொன்று அக்காட்சியால் தனக்கு உண்டாகும் கலக்கம். பரிவு உதவத் தூண்டும். கலக்கமோ எளிதில் விலக இயலுமாயின் அவ்விடத்தை விட்டு நீங்கத் தூண்டும். பேராசிரியரின் பகுப்பும் பேட்சனின் பகுப்பும் ஒன்றல்ல. உணர்ச்சிக்குக் காரணமான துயர் யாருடையது என்பது முன்னதன் அளவுகோல். உணர்ச்சி யாரை நோக்கிச் செல்கிறது என்பது பின்னதன் அளவுகோல். பிறர் துயர் கண்டு தன்பொருட்டே கலங்குவோனைப் பேராசிரியர் பகுப்பின்படி கருணையுடையவன் என்றே கொள்ள நேரும். இவ்வாறு இரண்டையும் எதிரெதிர் வைக்கும்போது உரையின் நுட்பமும் அதன் எல்லையும் ஒருங்கே புலப்படும்.

அன்றாட உணர்வுகளும் இரண்டாம் பட்டியலும்

எட்டனுக்கும் பின்னர்த் தொல்காப்பியர் வேறு 32 மெய்ப்பாடுகளை எண்ணுகிறார். அடக்கம், அன்பு, நாணம், முனிவு, மடிமை, விரைவு, பொச்சாப்பு, பொறாமை, ஐயம் முதலியன இப்பட்டியலில் உள்ளன. நாள்தோறும் வீட்டிலும் தெருவிலும் மனிதரை இயக்குபவை பெரும்பாலும் இவையே. ஆயினும் ஒப்பீட்டாய்வுகள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன. உணர்ச்சி, எண்ணம், குணம், உடல்நிலை ஆகியவை வரன்முறையின்றிக் கலந்துள்ளன என்பது இதற்குக் கூறத்தக்க காரணம். பொறாமை உணர்ச்சி, ஆராய்ச்சி அறிவுச்செயல், மடிமை குணம், துஞ்சலும் வியர்த்தலும் உடலின் நிலைகள்.

உணர்ச்சிகளை மட்டும் வகைப்படுத்துவதே நூலின் நோக்கம் எனக் கொண்டால் இப்பட்டியல் குழப்பமே. ஆனால் மெய்யின்கண் புலனாவதெல்லாம் மெய்ப்பாடு எனக் கொண்டால் குழப்பம் நீங்கும். சோம்பலும் ஆழ்ந்த சிந்தனையும் உறக்கமும் ஐயமும் தோற்றத்தால் அறியப்படுபவை. கண்ணாலும் செவியாலும் நுனித்து உணரும் ஆற்றல் உடையோர்க்கன்றி ஏனையோர்க்கு மெய்ப்பாட்டின் பொருள் விளங்குதல் அரிது என்னும் கருத்தோடு இவ்வியல் நிறைவுறுவதும் நோக்கத்தக்கது. உணர்பவனின் அகத்தைக் காட்டிலும், அதனைக் கண்டறியும் மற்றவனின் திறனே இங்கு மையம். மெய்ப்பாடு செய்யுள் உறுப்புகள் 34-இல் ஒன்றாகச் செய்யுளியலில் வைக்கப்பட்டதும் இதனாலேயே. பாத்திரத்தின் உள்ளத்தைப் படிப்போன் எவ்வாறு அறிகிறான் என்பதே இலக்கணியின் வினா.

மறைத்தலும் ஒரு மெய்ப்பாடு

களவுக்காலத்து மெய்ப்பாடுகளைப் படிநிலைகளாக வகுக்கும் பகுதி இக்கருத்தை வலுப்படுத்துகிறது. நெற்றி வியர்த்தல், எழும் நகையை மறைத்தல், கூந்தலை விரித்தல், அணிந்தவற்றைத் திருத்துதல் போன்றவை அங்குக் கூறப்படுகின்றன. வியர்வை தன்வயத்தது அன்று. நகையை மறைத்தல் முயன்று செய்வது. இரண்டும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதால், உணர்ச்சியை மறைக்கும் முயற்சியும் அவ்வுணர்ச்சிக்கு அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

எக்மனும் ஃப்ரீசனும் 1969-இல் வெளியிட்ட கட்டுரைகளில், எவ்வுணர்ச்சியை யார்முன் எவ்வளவு காட்டலாம் என்பதைச் சமூகம் வரையறுக்கிறது என்றும், மறைக்க முயலும்போதும் உணர்ச்சி உடலின்வழிக் கசிகிறது என்றும் விளக்கினர். அடிப்படை உணர்ச்சிப் பட்டியலைவிட எக்மனின் இக்கருத்தே மெய்ப்பாட்டியலுக்கு நெருக்கமானது. எனினும் தமிழாய்வுகளில் பட்டியல் பெற்ற கவனத்தை இது பெறவில்லை. இப்படிநிலைகள் பெரும்பாலும் தலைவிக்கு உரியனவாகவே உரைகளில் விளக்கப்பெறுவதையும் இங்கு எண்ணிப்பார்த்தல் வேண்டும். வேட்கையைச் சொல்லால் கூறும் உரிமை மறுக்கப்பட்டவளின் உடலே மிக நுணுக்கமாக வாசிக்கப்படுகிறது. மறைக்கக் கடமைப்பட்டவரிடமே மறைத்தலின் குறிகள் மிகுதியாகத் தேடப்படும் என்பது உளவியலும் சமூகவியலும் சந்திக்கும் இடம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மெய்ப்பாட்டின் பொருளை அதன் பெயரைக் கொண்டு முடிவுசெய்தல் தகாது. நான்கு நிலைக்களன்களையும் கொண்டே முடிவுசெய்தல் வேண்டும். இளிவரலை அருவருப்பாகக் கொண்ட பிழை இதனைக் காட்டும். இரண்டாவது, ஒப்பிடத்தக்க உளவியல் பகுதி உடலியக்கக் கோட்பாடோ அடிப்படை உணர்ச்சிப் பட்டியலோ அன்று. மதிப்பீட்டுக் கோட்பாடும், பிறர் உணர்ச்சியை அறியும் திறன் பற்றிய ஆய்வுகளுமே பொருத்தமானவை. மூன்றாவது, கொடையால் வரும் பெருமிதம், இறையால் வரும் அச்சம் போன்ற பொருந்தாத இடங்கள் ஒப்பீட்டின் தோல்விகள் அல்ல. உணர்ச்சி எந்த அளவிற்குச் சமூகத்தால் வடிவமைக்கப்படுகிறது என்பதற்கான சான்றுகள்.

தொல்காப்பியர் உளவியலாளர் அல்லர். அவ்வாறு காட்டுவதால் அவர் பெருமை கூடப்போவதும் இல்லை. மனிதர் ஒருவரையொருவர் முகத்தாலும் குரலாலும் சொல்லாலும் அறிந்துகொள்ளும் வழிகளை இலக்கியத்தின் பொருட்டு வகைப்படுத்தியவர் அவர். அவ்வகைப்பாட்டைச் சங்கப் பாடல்களில் நிலைக்களன்வாரியாகப் பொருத்திப் பார்த்து, எங்குப் பொருந்துகிறது, எங்கு மீறப்படுகிறது என்று காணும் ஆய்வுகள் பெருகுதல் வேண்டும். குறிப்பாக, இரண்டாம் பட்டியலின் 32 மெய்ப்பாடுகளும் தனித்தனி ஆய்வுக்குக் காத்திருக்கின்றன.