பட்டாளத்துத் தாத்தாவைத் தேடுகிறவர்கள்

புனேயின் கோர்படியில் ரயில்வேயையும் கண்டோன்மென்டையும் நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அங்கே ‘பட்டாளத்துக்குப் போய் வராமலே போனவர்’ என்று ஒரு முன்னோரைப் பற்றிப் பேச்செடுத்தால், பேரப்பிள்ளைகள் இப்போது கைபேசியைத்தான் எடுக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் போதும், ஏதோ ஒன்று வந்து நிற்கும். அந்த ‘ஏதோ ஒன்று’தான் சிக்கலே.

பக்கத்திலேயே தேடிப் பார்க்கலாமே என்று சிலர் கிளம்புவார்கள். கோர்படியில் பொதுமக்கள் நன்கொடையில் எழுந்து 1998இல் திறக்கப்பட்ட போர் நினைவகம் சுதந்திரத்துக்குப் பின் உயிர்விட்டவர்களுக்கானது. கட்கி கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகள் 1,668. முதல் உலகப்போருக்கென அங்குள்ள நினைவுச் சின்னம் இந்தியாவுக்குள் இறந்த 1,800க்கும் மேற்பட்டோருக்கு மட்டும். மெசபடோமியாவின் (இன்றைய இராக்) பஸ்ராவில் இறந்த வட ஆற்காட்டுக்காரரை அங்கே தேடிப் பயனில்லை.

இந்தத் தேடலை நான் வீண் வேலை என்று சொல்லமாட்டேன். இறந்தவரின் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் ஆணையத்தின் பல பதிவுகளில் உண்டு. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் நிறையவே சேர்ந்தார்கள். நிலமில்லாதவனுக்குப் பட்டா ஏது, கோயில் கல்வெட்டில் இடம் ஏது? அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு தகப்பனின் பெயரைக் காகிதத்தில் ஏற்றியவர் பட்டாளத்து எழுத்தராக இருக்கலாம். இதைக் கண்டெடுப்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் பட்டாளம் உயிரோடிருந்தவர்களை எப்படி வரிசைப்படுத்தியதோ, செத்தவர்களையும் அப்படியே வரிசைப்படுத்தியது. 1927இல் பிரான்சில் திறந்த நவ் ஷாப்பெல் நினைவிடத்தில், கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இரண்டே வருடம் கழித்துத் திறந்த பஸ்ரா நினைவிடத்தில் இந்தியர்களில் அதிகாரிகளுக்குத்தான் பெயர். இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கை. பெயர்கள் தாள் பதிவேட்டில் இருந்தன, கல்லில் ஏறவில்லை. இது தெரியாமல், கணினியில் ‘பஸ்ரா நினைவிடம்’ என்று பார்த்ததுமே “தாத்தா பேரை அங்க செதுக்கி வச்சிருக்காங்க” என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட பாகுபாடு நடந்ததை ஆணையமே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அடுத்த கோளாறு, ஆளை மாற்றிப் பிடிப்பது. முனுசாமி, சின்னசாமி, ஆறுமுகம் என்று ஒற்றைப் பெயரில் எத்தனை பேர்! எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. பெயரும் வருடமும் பொருந்தினால் உடனே மாலை போட்டுவிடக் கூடாது. தகப்பன் பெயரோ ஊரோ ஒத்துவராதவரை அவர் வேறு யாரோ வீட்டுத் தாத்தா.

பெயர் சரியாக அமைந்தாலும் கதை ஜோடிக்கும் ஆசை விடுவதில்லை. சாப்பர்ஸின் 12, 13ஆம் கம்பெனிகள் மெசபடோமியாவில் 14ஆவது டிவிஷனோடு இருந்தன. அந்த டிவிஷன் 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் அருகே டைக்ரிஸ் ஆற்றைக் கடந்தது. கம்பெனி எண் தெரிந்தவர்கள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளைப் படித்து, படை எந்த நாளில் எங்கே கிடந்தது என்று அறியலாம், அருமையான வசதி. அதற்காக இறந்த தேதி அந்த வாரத்தில் விழுந்தாலே ஆற்றைக் கடக்கையில் குண்டடி பட்டார் என்று எழுதிவிடலாமா? அந்தப் போர்முனையில் காலராவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஆயிரக்கணக்கில். நாட்குறிப்பிலும் அதிகாரிக்குத்தான் பெரும்பாலும் பெயர். சாப்பர் எண்ணிக்கையில் கரைந்துபோவார். கூலிக்காகப் போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தவரை வீரராக்கினால்தான் குடும்பத்துக்குப் பெருமை என்று நினைப்பது, அவர் உண்மையில் பட்ட பாட்டை மறைத்துவிடுகிறது.

ஆகவே கணினிக்கு முன்னால் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்வேன். முதல் உலகப்போர் மெடல் கிடைத்தால் அதன் முகத்தைவிட விளிம்பைப் பாருங்கள்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொடி எழுத்தில் அடித்திருக்கும். பிரிட்டிஷ் வார் மெடல் சண்டைப் படையினருக்கு வெள்ளியில் வந்தது. தொழிலாளர் படையினருக்கும் பட்டாளத்துப் பணியாளருக்கும் வெண்கலத்தில். வெண்கலம் கையில் வந்தால் தாத்தா சிப்பாயாக இல்லாமல் சுமைகூலியாகவோ பட்டாளத்துப் பணியாளராகவோ போயிருக்கலாம். தேடவேண்டிய பதிவேடே வேறாகிவிடும். வெள்ளி என்றால் விளிம்பிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். சாப்பர்ஸ் என்றால் அது பெங்களூரு.