பிடிக்கிறவர்கள்

நாவல் படிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புஸ்தகத்தை மூடியதும் கதாநாயகனைப் பற்றியே பேசுவார்கள். அவனுக்குக் கடன் கொடுத்த மாமாவையும், நள்ளிரவில் கதவைத் திறந்துவிட்ட வேலைக்காரனையும் யாரும் நினைப்பதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் நாலாவது அத்தியாயத்திலேயே கதாநாயகன் செத்திருப்பான். எழுதியவனுக்குத்தான் அது தெரியும். கபடி ரஸிகர்களிடமும் இதே பழக்கத்தைக் காண்கிறேன்.

2022-ஆம் ஆண்டு புரோ கபடிப் போட்டியில் தமிழ் தலைவாஸ் அணிக்காக ஆடிய நரேந்தர் என்ற ஹரியானாப் பையனைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. நியாயமான பேச்சுதான். முதல் முறையாக இந்தப் போட்டியில் இறங்கிய ஒருவன் பாடிப் போயே 243 புள்ளிகள் எடுப்பது சாமான்ய விஷயம் அல்ல. ஓடுகிற ஓட்டத்திலேயே கையை நீட்டித் தொட்டுவிட்டு, எதிராளி திரும்புவதற்குள் கோட்டுக்கு வந்துவிடுவான். பார்ப்பதற்கு அழகான ஆட்டம். நானும் கை தட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்த 243-ல் எத்தனை புள்ளிகள் அவனுடையவை என்று கேட்க எனக்கு ஆசை.

கபடியின் சூக்ஷ்மம் இங்கேதான் இருக்கிறது. பாடிப் போனவன் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். எத்தனை பெரிய சூரனானாலும் சரி, அவனாக எழுந்து உள்ளே வர முடியாது. அவன் அணிக்காரன் யாராவது எதிரியைத் தொட்டாலோ, பாடி வருகிற எதிரியைப் பிடித்து நிறுத்தினாலோதான் அவனுக்கு மறுபிறப்பு. மொத்தம் நாற்பது நிமிஷ ஆட்டம். அதில் பத்து நிமிஷம் பெஞ்சில் கழிந்தால் எந்த நரேந்தரும் எதையும் தொட முடியாது. வலது கோடியில் சாகரும் இடது கோடியில் ஸாஹில் குலியாவும் நின்று ஒவ்வொரு கணுக்காலாகப் பிடித்துப் போட்டபோதெல்லாம், பெஞ்சில் இருந்த பையன் மறுபடியும் களத்துக்கு வந்தான். கணக்குப் புஸ்தகத்தில் அது சாகருக்கு ஒரு புள்ளி என்றுதான் பதிவாகும். நரேந்தருக்கு அவன் மீட்டுக் கொடுத்த இரண்டு மூன்று நிமிஷங்களை எழுத அதில் பத்தி கிடையாது.

இந்த அணியின் பூர்வ கதையைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். 2017-ல் முதன்முதலாக வந்தார்கள். அஜய் தாக்கூர் தலைவர், பெரிய பாடகர். (சங்கீதக்காரர்கள் கோபிக்கக் கூடாது.) அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தங்கள் பிரிவில் கடைசி இடம். 2019-ல், ஏற்கெனவே அணியில் இருந்த மஞ்சித் சில்லருடன் ராகுல் சௌதரியையும் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று நக்ஷத்திரங்கள்! பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் மூன்று சமையற்காரர்களை அமர்த்திவிட்டு அரிசி வாங்க மறந்த கதைதான்.

அதற்கடுத்த போட்டி, 2021 டிசம்பரில் தொடங்கி முழுவதும் பெங்களூரில், ஜனங்கள் இல்லாத அரங்கில் நடந்தது. தலைவாஸ் பதினோராவது. ஆனால் அந்தத் தோல்விகளுக்கு நடுவே சாகர் என்ற இளைஞன் பிடித்தே 82 புள்ளிகள் சேர்த்திருந்தான். பத்திரிகைகள் தலைப்புப் போடவில்லை. தோற்ற அணியில் பிடிக்கிறவனை யார் கவனிப்பார்கள்?

2022 ஏலத்தில் நிர்வாகம் மறுபடியும் நக்ஷத்திரத்தைத்தான் தேடியது. பவன் ஸெராவத்துக்கு 2 கோடியே 26 லட்சம் ரூபாய். அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை. குஜராத்துடன் நடந்த முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். எப்படி அடிபட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பாடிப் போனபோது அல்ல. பாடி வந்த சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போனபோது. இதில் இன்னொரு வேடிக்கை, அந்த ரஞ்சித் நம் தமிழ்நாட்டுக்காரர், குஜராத்தின் தலைவர். தமிழ் என்ற பெயர் கொண்ட அணியில் அன்று வடக்கத்திப் பிள்ளைகளே அதிகம். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் நடுவில் கவராக நின்ற நம் எம். அபிஷேக் அந்த வருத்தத்தைப் பாதி ஆற்றினார்.

பவன் போனதும் அணி கவிழ்ந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டோரம் ஒரு பேக்கரியில் டெலிவிஷன் வைத்திருக்கிறார்கள். டீ குடிக்கிறவர்களைவிட ஆட்டம் பார்க்கிறவர்கள் அதிகம். அங்கே ஒரு கவுண்டர், வாலிபத்தில் கோயில் நோம்பிக்குக் கபடி ஆடியவர், என்னிடம் சொன்னார்: "ஏனுங், பாடிப் போறவன் தொட்டுப்போட்டு ஓடியாந்தர்றான். அதையே எல்லாரும் பெருசாச் சொல்றாங்க. ஓடறவன் கால வளைச்சு நிறுத்தறான் பாருங்க, அவன் மூட்டுத்தானுங் தேயுது. அவனுக்கல்லங் காசு குடுக்கோணும்?"

நான் பதில் சொல்லவில்லை. அதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

தலைவாஸ் அந்த ஆண்டு ஐந்தாவதாக வந்தது. முதன்முதலாக நாக்-அவுட் கட்டத்தை அடைந்தது. கோடிகள் பெஞ்சில்கூட இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தன. பயிற்சியாளர் அஷன் குமார் இளம் பிள்ளைகளை வைத்தே ஓட்டினார். எல்லாம் குறையற்ற ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். கோடியில் நிற்கிறவன் பொறுமையிழந்து முன்னால் பாய்ந்தால், எதிரிக்குச் சும்மா ஒரு புள்ளி கிடைக்கும். இளம் ரத்தம் இப்படிப் பல தடவை பாய்ந்தது. மூன்று பேரோ அதற்குக் குறைவோ களத்தில் இருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி என்பதால், அவசரத்தையே வீரம் என்று நினைத்துக்கொள்ள இந்த ஆட்டத்தின் விதிகளும் கொஞ்சம் இடம் கொடுக்கின்றன.

பிறகு சாகருக்கும் காயம். உ.பி. அணியை டை-பிரேக்கரில் தட்டித் தடுமாறி வென்று, 2022 டிசம்பர் 15-ஆம் தேதி மும்பையில் புனேரி பல்டனுடன் அரை இறுதி. இடைவேளையில் நம்மவர்கள்தான் முன்னிலை. பிறகு பங்கஜ் மோஹிதே என்ற புனேக்காரர் பாடி வந்து பாடி வந்து புள்ளிகளை அள்ளிக்கொண்டு போனார். 39-37. இரண்டு புள்ளி வித்தியாசம். மறுநாள், கடைசி நிமிஷங்களில் நரேந்தர் இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். வலது கோடியில் சாகர் நின்றிருந்தால் மோஹிதே அத்தனை தைரியமாக உள்ளே வந்திருப்பாரா என்று ஒருவரும் கேட்கவில்லை.

2023-24-ல் அதே சாகர் தலைவர், அதே நரேந்தர், ஆனால் ஒன்பதாவது இடம்தானே என்று வாசகர்கள் என்னை மடக்கலாம். மடக்கட்டும். கோடியில் இருவர் மீட்டுக் கொடுத்த பையனுக்குத் துணையாக உள்ளே போய்வர இன்னொரு நிதானமான பாடகன் இல்லாமல் போனதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். எல்லாப் பாரத்தையும் ஒருவன் தலையில் ஏற்றினால், எத்தனை தடவை எழுப்பி விட்டாலும் அவன் மறுபடி மறுபடி உட்காரத்தான் செய்வான்.

நிர்வாகத்தின் அபிப்பிராயம் வேறாக இருந்தது. 2024 ஏலத்தில் சச்சின் தன்வாருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தார்கள். அவரும் பாடிப் போகிறவர்தான். அந்த ஆண்டு முதல் ஆறு இடங்களில் தமிழ் தலைவாஸ் இல்லை.