இரட்டைப் படமும் இருட்டறை நேர்மையும்

நிழற்படக் கலையில் இருட்டறைக்குத் தனி மதிப்புண்டு. நெகட்டிவில் பதிந்ததை அப்படியே தாளில் ஏற்றுவதோடு அச்சிடுவோன் வேலை முடிவதில்லை. முகம் கறுக்காதிருக்க அட்டையால் ஒளியை மறைப்பான். வானம் வெளிறாதிருக்க அவ்விடத்திற்கு மட்டும் மேலும் சில வினாடி ஒளி கொடுப்பான். அமெரிக்கரான ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் ஹெர்னாண்டஸ் என்னும் ஊரில் எடுத்த நிலவுதயப் படம் இதற்குச் சான்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் வானத்தை அவர் மேன்மேலும் கருமையாக்கியே அச்சிட்டார். ஒற்றைப் படத்தில் அது கலையேயாம்.

ஆனால், அவ்வுரிமையை ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் இரட்டைப் படத்திற்கும் கொண்டு செல்லலாமா? அவ்வளவு எளிதாக ஆகாது என்பதே நம் கருத்து.

சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் விளக்கிய உண்மையை அன்பர்கள் நோக்குக. இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களிற் காண்கின்றன. அவ்வேறுபாட்டிலிருந்தே மனம் ஆழத்தை அறிகிறது. ஆகவே, மலையைக் கருமையாக்க வேண்டின், இரு படத்திலும் அம்மலை நிற்கும் இடத்திலேயே, ஒரே அளவாக ஒளி கூட்ட வேண்டும். இடம் தவறினால் அக்கருமை மலையின்மேல் ஒட்டாது. முன்னேயோ பின்னேயோ புகைத்திரை போல் தொங்கும். ஒரு படத்தில் மட்டும் செய்தாலோ, இரு கண்களும் தம்முள் பூசலிட, அவ்விடம் இல்லாத பளபளப்புடன் மின்னும். கைப்பழக்கத்தை நம்பி அட்டையை அசைப்பது இங்கே பயன்படாது. அளந்து வெட்டிய அட்டையும், கடிகாரமும், ஒரே டெவலப்பரும், ஒரே சூடுமே துணை.

இதனால் இரட்டைப் படம் பொய் சொல்லாது என்று சிலர் முடிவுகட்டுவர். அஃது அவசர முடிவு. கவனமற்றவன் பொய்யே இங்கு அகப்படும். கவனமுள்ளவன் இரு படத்திலும் கணக்காக ஒரு மேகத்தைச் சேர்த்தால், அது தூரமும் பெற்று மெய்யெனவே நிற்கும். அண்டர்வுட் முதலிய அமெரிக்கக் கம்பெனிகள் இரட்டைப் படங்களைப் பள்ளிகளுக்கும் பாடமாக விற்றன. நாடு காணாத பிள்ளை, அட்டையில் கண்டதையே நாடென நம்பும் அன்றோ?

ஆகையால், இத்தகைய படங்களை மதிப்பிடுவோர் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இரு படங்களும் ஒத்திருக்கின்றனவா? ஒத்திருப்பின், அங்ஙனம் ஒத்தது இயற்கையாலா, இருட்டறையாலா? முதற் கேள்விக்கு விடை படத்திலேயே கிடைக்கும். இரண்டாவதற்கு அச்சிட்டவன் வாய்திறந்தாலன்றி விடையில்லை. ஆதலின், கூட்டியதையும் குறைத்ததையும் அட்டையின் பின்புறத்தில் எழுதிவைப்பதே நேர்மையாகும்.