அகத்தியம்பள்ளித் தூண்

திருவதிகை, பண்ருட்டிப் பகுதிகளிலிருந்து வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் செல்லும் நம் மக்கள், அன்னையை வணங்கியதும் ஊர் திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து தெற்கே 45 கிலோமீட்டர் அளவில் வேதாரண்யம். அதனை அடுத்த அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண். இம்முறை நாம் அதுவரை சென்றோம். திருவதிகையாருக்கு அவ்வூர் அந்நியமன்று. திருவதிகையில் சூலைநோய் நீங்கப்பெற்ற அப்பரடிகள், திருமறைக்காடாகிய வேதாரண்யத்தில் பாடிக் கோயிற் கதவைத் திறந்தார் என்பது சைவ மரபு.

1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து புறப்பட்டனர். 28ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்தனர். 30ஆம் நாள் தடையை மீறி உப்பு அள்ளினர். இராஜாஜி சிறை சென்றார். இதனை நினைவூட்டும் தூணுக்கு, சுற்றிலும் உப்பளங்கள் வாய்த்ததே பெரும் பேறு. நகரத்து நாற்சந்தியில் நின்றிருந்தால் ஆண்டுக்கொரு மாலை தாங்குவதற்கே அது பயன்பட்டிருக்கும். (அத்தகைய தூண்களுக்கு நம் நகரங்களில் குறைவில்லை.) இங்கோ, எதன் பொருட்டுப் போராடினர் என்பதைக் காலடி மண்ணே சொல்லிவிடுகிறது.

ஆயினும், உப்பு அள்ளிய இடத்தைக் குறிக்கும் தூணால், வந்த வழியைக் குறிக்க இயலவில்லை. தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் சிறைத்தண்டனைக்கு உள்ளாவர் என்று அந்நாளில் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் என் செய்தனர்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு மறைந்துகொண்டனர். கட்டிய கை எவருடையது என்று தெரிந்தால் சிறை. அத்தகைய செயலுக்கு எவ்விடத்தில் கல் நாட்டுவது? யார் பெயரைப் பொறிப்பது? பசித்தோர்க்கு உணவளிப்பதை இரக்கச் செயல்களுள் முதலாவதாக மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். அதுவே குற்றமாக அறிவிக்கப்பட்ட நாளில் அதனைச் செய்துகாட்டியவர்களுள் பெரும்பாலோர் அவ்வகுப்பின் வாசலை மிதித்தறியாதவர்கள். தூணருகே நின்ற போது இவ்வெண்ணம் நம்மை உறுத்தாமலில்லை.

வேதாரண்யத்தில் மற்றொரு நினைவுத்தூணும் உண்டு. அது முடிதிருத்தும் தொழிலாளியான வைரப்பனுக்கு உரியது. பாதி மழித்த நிலையில், எதிரே அமர்ந்திருப்பவர் காவலர் என்று அறிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார் அவர். மீதியையும் மழித்துவிடுமாறு நீதிமன்றத்தில் கூறப்பட்ட போதும் மறுத்துச் சிறை புகுந்தார். இரண்டனுள் இதனையே நாம் உயர்வாக மதிக்கிறோம். பெருந்தலைவரின் செயலை வரலாற்று நூல்கள் எப்படியும் காத்துக்கொள்ளும். ஒரு தொழிலாளியின் மறுப்பைக் காக்க அவ்வூரார்க்குக் கல் தேவைப்பட்டது, அவர்களும் தவறாமல் நாட்டினர்.

அகத்தியம்பள்ளியில் ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளி அந்நாளை நினைவுகூர்கின்றனர். வேளாங்கண்ணித் திருப்பயணத்திற்கு ஏற்பாடு செய்யும் பங்குகள், இவ்விரு தூண்களுக்கும் ஒரு முற்பகலை ஒதுக்கலாம். வெயில் கடுமையாயிருக்கும்; குடிநீரும் கட்டுச்சோறும் உடன்கொண்டு செல்க.