வெட்டப்பட்ட ஓரத்தில் ஒரு மிருதங்கக்காரர்

நண்பர் ஒருவர் என் பெரியப்பாவின் கூத்து வாழ்க்கையைப் படப் புத்தகமாக வடிவமைத்து, மாதிரிப் பிரதியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. அன்போடு செய்த வேலை. அதனாலேயே இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதித்தான் ஆகவேண்டும். நம் கலைஞர்களைப் பற்றி வெளியாரின் ரசனைக்காக வருகிற படப் புத்தகங்களில் என்ன கோளாறோ, அதுவே இந்த அன்பான புத்தகத்திலும் இருக்கிறது.

செய்யாறு பக்கம் எங்கள் சேரி. பெரியப்பா நாற்பது வருஷம் வேஷம் கட்டியவர். துரியோதனன், கர்ணன், இளம் வயசில் திரௌபதி. வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த படங்களைப் பொறுக்கி 40 பக்கம் ஆக்கியிருந்தார் நண்பர். அட்டையில் கிரீடம். உள்ளே திருப்பினால் புஜக்கட்டை, மார்புப் பதக்கம், அரிதாரம் பூசிய முகம். பக்கத்துக்குப் பக்கம் பெரியப்பா மட்டும்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் புரட்டினார். "நல்லாத்தான் கீதும்மா. தம்பிய எங்க காணோம்?" என்றார்.

தம்பி என்றது என் சித்தப்பாவை. பெரியப்பா ஆடிய கூத்துக்கெல்லாம் மிருதங்கம் அவர்தான். அவர் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. வாக்காளர் அட்டையில் இருக்கிற முத்திரை அளவு முகத்தை விட்டால், வாழ்ந்த காலத்தில் அவரை எடுத்த படம் ஒன்றே ஒன்று. துரியோதனன் கை ஓங்கி நிற்க, பின்னால் பெஞ்சில் மேளக்காரர்களோடு அவர் பாதி இருட்டில் உட்கார்ந்திருக்கிற படம். புத்தகத்தில் துரியோதனன் இருந்தார். பெஞ்சு இல்லை. நண்பரைக் கேட்டேன். "பின்னால ஒரே இருட்டு, கண்ண உறுத்துச்சு, வெட்டிட்டேன்" என்றார்.

இந்த இருட்டு எங்கிருந்து வந்தது? படம் பிடித்தவர் நின்றது வேஷக்காரருக்கு எதிரில். பிளாஷ் வெளிச்சம் தூரம் போகப் போகச் செத்துவிடும். இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பவருக்கு நாலில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். கலர் பிலிமும் பிரிண்ட் போடுகிற முறையும்கூட வெள்ளைத் தோலை அளவாக வைத்து வளர்ந்தவைதாம். 1950களிலிருந்து கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் கூடங்களுக்கு அனுப்பிய அளவு அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அதை 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அவள் முகம் சரியாக விழுந்தால் கலர் சரி. கறுத்த முகம் எப்படி விழுகிறது என்று அந்த அட்டை சொல்லாது. ஆக, சித்தப்பா இருட்டாக இல்லை. இருட்டாக்கப்பட்டார். கேமரா ஒரு தரம் ஒதுக்கியதை வடிவமைப்பு இரண்டாம் தரம் வெட்டி எறிந்தது. அழகு என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வதன் உள்ளே இப்படி எத்தனை ஒதுக்கல் இருக்கிறது?

இன்னொரு பக்கம். கர்ணன் சாய்ந்து கிடக்கிற படம். கீழே 'கர்ண மோட்சம், கூத்துக் காட்சி' என்று ஒரு வரி. அவ்வளவுதான். கருமாதி இரவில் கர்ண மோட்சம் ஆடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் படம் சித்தப்பாவின் கருமாதி அன்று எடுத்தது. தம்பிக்காக அண்ணன் கர்ணனாகச் செத்த இரவு அது. பெஞ்சில் வேறு ஊர் மிருதங்கம். இது தெரியாமல் அந்தப் படத்தைப் பார்ப்பவர் எதைப் பார்க்கிறார்? அரிதாரத்தைப் பார்க்கிறார்.

கே.ஏ. குணசேகரன் 2005இல் 'வடு' தந்தார். மேடையில் பாடி ஆடிய தலித் ஒருவர் தன் வாழ்க்கையைத் தன் வாயால் சொன்ன புத்தகம். எழுத்தில் நாமே நம்மைச் சொல்லத் தொடங்கிவிட்டோம். படத்தில் மட்டும் யாரோ பிடித்ததை, யாரோ வெட்டியபடி வாங்கிக்கொள்கிறோம்.

வேலையைத் திரும்பச் செய்தோம். நண்பரும் கூட உட்கார்ந்தார். 16 பக்க பாரம் மூன்று, மொத்தம் 48 பக்கம். பெஞ்சு இருக்கிற எந்தப் படத்தையும் வெட்டுவதில்லை என்று முடிவு. கூட்டமாக இருக்கிற படத்தை இரண்டு பக்கத்தில் விரித்தால் நடு மடிப்பில் யாராவது ஒருவர் முகம் போய்விடும். அதனால் அவற்றை ஒரே பக்கத்தில், படுக்கை வசத்தில் வைத்தோம். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் 600 புள்ளியில் ஸ்கேன் பண்ண வேண்டும். அப்போதுதான் அச்சில் 300 நிற்கும். பெட்டியின் அடியில் பழைய நெகடிவ் சுருள் ஒன்று கிடைத்தது. பிரிண்டில் கறுப்பாகப் போனதில் கொஞ்சம் நெகடிவில் மிஞ்சியிருக்கும். அதிலிருந்து எடுத்து வெளிச்சம் கூட்டியபோது சித்தப்பாவின் கண் வந்தது. அவர் துரியோதனனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடவுக்குத் தட்டுகிறவர் காலைத்தானே பார்ப்பார்.

பெயர்தான் பெரிய வேலை. படத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம். முகவீணை யார், தாளம் யார், திரை பிடித்த பையன்கள் யார், எந்த ஊர், என்ன சாவு, என்ன திருவிழா. திரௌபதி கட்டியிருந்தது பெரியம்மாவின் கல்யாணப் புடவை. அதையும் எழுதினோம். "பொடவைக்கெல்லாம் எதுக்குடி பேரு" என்று பெரியம்மா சிரித்தாள். அப்புறம், எந்தப் பக்கத்தில் வருது என்று கேட்டாள்.

தோழர்களே, பறை அடித்தவர், கூத்து ஆடியவர், வீதி நாடகம் போட்டவர் என்று நம் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. புத்தகம் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அதைத் தெருவில் உட்கார்ந்து புரட்டிக் காட்டுங்கள். இவரை எங்கே காணோம் என்று யாராவது கேட்டால், அதற்குப் பதில் சொல்லிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.